வட்டைவிதானையின் வெள்ளைக் குளிசை

கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல்களுக்கு வினாயகமூர்த்திதான் வட்டைவிதானை. எந்த வயலுக்கு எப்போது வாய்க்கால் தண்ணீர் என்பது அவர் சொல். அறுபத்தாறு வயதில் அவருடைய முழங்கால் வலி ஓடிப்போய் முகம் பூசணிக்காயாக உருண்டபோது ஊர் இரகசியம் கேட்டது. எருமைத் தயிர் என்றார். வட்டையில் வயல் செய்கிறவர்களில் பாதிப்பேர் தயிருக்கு மாறினார்கள். ஒருவருக்கும் முழங்கால் சுகப்படவில்லை.

உண்மை, ஒரு சின்ன வெள்ளைக் குளிசை. டொக்டர் எழுதிய துண்டில்லாமல் கடையில் வாங்கி மூன்று வருடமாகத் தினம் ஒன்று விழுங்கி வந்தார். ஸ்டீரொயிட்.

பிறகு நெஞ்சு வலித்தது. மூன்று குழாயில் அடைப்பு, கொழும்பில் பைபாஸ். மகள் கம்சாயினி அங்கே வேறோர் ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சையின்போது இதயத்துக்குப் பதிலாக இரத்தத்தை ஓட்டும் இயந்திரத்தை இயக்குபவள். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் பின்னேரம் வார்ட்டுக்கு வந்தவள் தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். கையில் தொட்ட இடமெல்லாம் நீலம் பாய்ந்திருந்ததையும் பார்த்தாள். என்ன குளிசை போடுகிறீர்கள் என்று கேட்டாள். தயிர் என்றார். மயக்க மருந்து டொக்டரும் கேட்டார். அவருக்கும் தயிர்தான்.

உருண்ட முகமும் நீலமும் ஸ்டீரொயிட்டின் அடையாளம் என்று அவளுக்குத் தெரியும். நெடுநாள் ஸ்டீரொயிட் விழுங்கிய உடம்பு அதைத் தானாகச் சுரக்க மறந்துவிடும். சத்திரசிகிச்சையில் இரத்தக்குழாய்கள் தளர்ந்து விரியும், அழுத்தம் விழும், இறுக்குகிற மருந்து கொடுத்தாலும் குழாய்கள் கேளா. என்ன குளிசை, எவ்வளவு என்று முன்பே தெரிந்தால் ஸ்டீரொயிட்டை ஊசியில் ஏற்றிச் சமாளிக்கலாம். தெரியாவிட்டால் அப்பா மேசையிலேயே போய்விடலாம்.

அதை அப்படியே தகப்பனிடம் சொன்னாள். அவர் மசியவில்லை. தயிர்க் கதை பொய்யென்று தெரிந்தால் வட்டைக் கூட்டத்தில் எப்படி எழும்பி நிற்பது என்பதுதான் அவர் கவலை.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“அப்பா, ஒருத்தன் உங்களுக்குச் சொல்லாம வாய்க்கால்ல பைப் போட்டு இழுக்கான். நீங்க அளந்து தண்ணி விடுறீங்க. கடைசி வயலுக்கு என்ன நடக்கும்?”

“காயும். பைப்பப் புடுங்கி எறிஞ்சுபோட்டு, அவன்ட அடுத்த முறைத் தண்ணிய நிப்பாட்டுவன். ஆரவன்?”

“நாளைக்கு உங்கட ரத்தத்துக்கு அந்த டொக்டர்தான் விதானை. பைப் போட்டது நீங்க.”

விதானையை ஏய்த்தவனை முப்பது வருடத்தில் ஒருமுறையும் அவர் மன்னித்ததில்லை. 

“சரி மகள், அவரக் கூப்பிடு.”

தொடங்கியவர் நிறுத்தவில்லை. குளிசையின் நிறம், கணக்கு, கடை. பிறகு ஒளித்துத் தின்ற கருவாடு, ஒளித்துக் குடித்த கள்ளு. டொக்டர் குளிசைக் கணக்கோடு எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

மறுநாள் சத்திரசிகிச்சையின் பாதியில் அழுத்தம் விழத்தான் செய்தது. ஆனால் ஸ்டீரொயிட் ஏற்கெனவே உள்ளே போயிருந்ததால் இறுக்குகிற மருந்துக்குக் குழாய்கள் கேட்டன. அந்த ஊசியால் இரண்டு நாள் இரத்தத்தில் சீனி எகிறியது. அதற்கு ஆஸ்பத்திரிச் சோற்றைக் குற்றம் சொன்னார்.

அதன்பிறகு எட்டுப் போகம் தண்ணீர் பங்கிட்டார். போன மாரியில் எலிக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. நாலு நாள் காய்ச்சலோடு வயலுக்குப் போயிருக்கிறார். அந்த நாலு நாளும் மகள் போன் எடுத்தபோது, நல்ல சுகம் என்றுதான் சொன்னார்.