பல் முளைத்த கட்டி

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முந்தானை மடிப்பு கலைந்திருந்தால் குருவம்மாளுக்குப் பொறுக்காது. கேட்காமலேயே கையை நீட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் விட்ட பேச்சைத் தொடர்வாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் காலை பஸ்ஸில் அவள் கை படாத பெண்களே கிடையாது. "கோணலா இருந்தா கண்ணு உறுத்துது டீச்சர், என்ன செய்ய?" என்பாள் என்னிடம். பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்த கை அது.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒல்லி உடம்பு, உரத்த குரல். மழை அடித்தாலும் ஜன்னலைச் சாத்த விடமாட்டாள். மடியில் எப்போதும் பொரிகடலை இருக்கும். ஒரு கை எனக்கும் வரும். கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "ரெண்டு எடம் அவியளா வேண்டாம்னாக. மூணாவது எடத்தை நான் வேண்டாம்னேன். சரியாப் போச்சுல்லா?" என்று முடித்துவிடுவாள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த அண்ணன் தங்கப்பாண்டியன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணன் பேரைச் சொல்லும்போது மட்டும் அந்தக் குரல் தானாக இறங்கும்.

போன ஐப்பசியில் அவள் வயிறு பெருக்கத் தொடங்கியது. "வாயு" என்றாள். பஸ்ஸில் பெண்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். இவளும் சந்தோஷமாக உட்கார்ந்துகொண்டாள். ஒருநாள் கீரைக்கூடைக்காரி பெத்தம்மாள், "எத்தனை மாசம் தாயி?" என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. பொரிகடலையை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. 

அதன் பிறகு வீட்டிலும் அதே பேச்சு ஆரம்பித்தது. "அண்ணன் என் மொகத்தைப் பாக்காமயே கேக்காக டீச்சர். யாருன்னு சொல்லிரு, வெட்டவா போறேன்னு. மதினி கதவுக்குப் பின்னால நிக்கா. ஒருத்தன் இருந்தாத்தான சொல்றதுக்கு?" ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "அங்க போனா, கலைக்கப் போனான்னு அதையும் சேத்துப் பேசுவாக" என்று மறுத்துவிட்டாள்.

தை மாதம் ஒரு காலை, பஸ் ராஜபாளையத்துக்குள் நுழையும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன் சீட்டுக் கம்பியில் போய் முட்டினாள். வாந்தி எடுத்தாள். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கண்டக்டரும் நானுமாக இறக்கி ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனோம். ஸ்கேன் பார்த்துவிட்டு வந்த டாக்டர் பியூலா, கர்ப்பம் இல்லை என்றார். சினைப்பையில் சின்னப் பூசணிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. அது முறுக்கிக்கொண்டுவிட்டது. உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும்.

நான் போன் செய்ததும் தங்கப்பாண்டியன் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "டாக்டர்மாரு மானத்தைக் காப்பாத்த அப்படித்தான் சொல்லுவாக" என்றார்.

மதியம் தியேட்டர் கதவு திறந்தது. வெட்டி எடுத்ததைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது அங்கே வழக்கம். நர்ஸ் ஒரு ஸ்டீல் தட்டோடு வந்தார். கட்டியைப் பிளந்து வைத்திருந்தார்கள். உறைந்த நெய் போல மஞ்சளாகக் கொழுப்பு. அதற்குள் சுருண்டு கிடந்தது முடி. நீளமான, கறுத்த, மனித முடி. முடிக்கு நடுவே எலும்புத் துண்டொன்றில் பதிந்து, வெள்ளை வெளேரென்று இரண்டு பற்கள்.

எல்லையில் துப்பாக்கி பிடித்து நின்ற மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்துவிட்டார். "பிள்ளையா... பல்லு முளைச்ச பிள்ளையா?" என்றார்.

டாக்டர் அவருக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"பிள்ளை இல்லைங்கய்யா. நம்ம உடம்பு பூரா செல்லுதான். தோல்ல இருக்கிற செல்லுக்குத் தோல் வேலை மட்டும்தான் தெரியும். எலும்புல இருக்கிறதுக்கு எலும்பு வேலை. ஆனா முட்டையாகிற செல்லுக்கு எல்லாமே செய்யத் தெரியும். அதுல ஒண்ணு தன்னால பிரிஞ்சு பெருக ஆரம்பிச்சா, முடி, தோலு, பல்லுன்னு கண்டபடி உண்டாக்கிரும். அது ஒரு உசிர் இல்லை."

"அப்ப... ஆம்பள?"

"ஆம்பளைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. பத்து வயசுப் பிள்ளைக்கே நான் எடுத்திருக்கேன்."

தங்கப்பாண்டியன் தட்டை மறுபடி பார்க்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து அவளைக் கைநீட்டிட்டேன்" என்றார். அது எனக்குத் தெரியாது. பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவள் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் குருவம்மாள் டாக்டரை மறித்துக்கொண்டாள். "என் வயித்துல கெடந்ததை ஊரெல்லாம் பாத்தாச்சு. எனக்குக் காட்ட மாட்டீகளா?" கட்டி பரிசோதனைக்குப் போய்விட்டது. டாக்டர் போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினார். நெருங்கி, விலக்கி, மறுபடி நெருங்கிப் பார்த்தாள். "முடி நல்ல கறுப்பா இருக்கே" என்றாள். "எனக்குத்தான் முந்தி நரைச்சிருச்சு." சிரிக்கப் போய்த் தையலைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள்.

கெட்ட கட்டி இல்லை என்று முடிவு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. கூட வேலை பார்க்கும் இசக்கியம்மாள், மடவார்வளாகத்தில் பார்த்துக் கொடுத்த ஒற்றை அறைக்குப் போனாள்.

திரும்ப பஸ் ஏறிய முதல் நாளே, நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்க, பெத்தம்மாளிடம் சொன்னாள்: "மாசமும் இல்ல, மண்ணும் இல்ல. கட்டி. உள்ள முடியும் பல்லும் இருந்துச்சு. ஆம்பள வாடையே இல்லாம வரும். ஒங்க வீட்டுப் பொம்பளப் பிள்ளை வயிறு வீங்கினா, யாருன்னு கேக்காதீக. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அடி ஆத்தி!" என்று பெத்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் இறங்கும்போது ஒரு பெண் அவள் தோளைத் தொட்டு, தன் மகளைப் பற்றித் தணிந்த குரலில் ஏதோ கேட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் அறையில் உட்கார்ந்திருந்தேன். தங்கப்பாண்டியன் வந்தார். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, வாசலில் வந்து நின்றார்.

"வீட்டுக்கு வாத்தா. மதினியும் சொல்லிவிட்டா."

குருவம்மாள் எழுந்தாள். அடுத்த வீட்டுக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்தாள். முந்தானையால் அதன் தூசியைத் துடைத்தாள். "உக்காருங்கண்ணே, காப்பி போடுதேன்" என்றாள்.

நாற்காலியை நிலைப்படிக்கு வெளியே போட்டிருந்தாள்.