திருட்டு லீடு

கதையக்காவுக்குப் பொய் சொல்ல வராது என்று அவளோடு கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர்கள் சத்தியம் செய்வார்கள். மூக்குக்குப் பொருந்தாத ஃபிரேமைப் போட்டுக்கொண்டு "எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்கிற வாடிக்கையாளரிடம், "நல்லா இல்லைங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லி வியாபாரத்தைக் கெடுப்பவள் அவள். முதலாளி எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். ஆனாலும் அவளை வேலையை விட்டு அனுப்ப மனம் வரவில்லை. கண்ணாடி என்றாலே அழுது ஊரைக் கூட்டும் குழந்தைகளை உட்கார வைத்து, காதோரம் கம்பியை வளைத்துப் பொருத்தி முடிப்பதற்குள் ஒரு கதையையும் சொல்லி முடிக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. கதையக்கா என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

அப்படிப்பட்டவள் கட்டின புருஷனை இரண்டு வருடமாக ஏமாற்றிக்கொண்டிருந்தாள் என்றால் யார் நம்பப் போகிறார்கள்? நான் சொல்கிறேன், ஏமாற்றினாள். அதில் ஒரு வார்த்தைகூட வாயைத் திறந்து சொல்லவில்லை என்பதுதான் அவளுடைய கெட்டிக்காரத்தனம்.

புருஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் சார், சார் என்று கூப்பிட, இவளும் கேலியாகச் சார் என்று ஆரம்பித்தாள். நாளடைவில் கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. இவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியில் ஒரு நாள் சார், "போதும்மா. இனிமே உனக்கு ஊசி வேண்டாம்" என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதற்குப் பிறகு இரண்டு கிறுக்குகள் அவர்களைப் பிடித்துக்கொண்டன. ஒன்று குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகம். இன்னொன்று சால்ஸா என்கிற ஜோடி நடனம்.

புத்தகம் போடுவதில் அவர்களுடைய வழக்கமே தலைகீழானது. ஊரில் எல்லாரும் கதையை எழுதிவிட்டு ஓவியரிடம் கொடுப்பார்கள். இந்த வீட்டில் சார் முதலில் படத்தைப் போடுவார். சாப்பாட்டு மேஜை கொள்ளாத பெரிய தாளில் ஒரு கரடி குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். அது எதற்கு அப்படி நிற்கிறது என்று கதையக்கா கண்டுபிடித்து எழுத வேண்டும்.

"உங்க கரடிக்குப் புத்தி பிசகினா நான்தான் சமாளிக்கணுமா?" என்பாள்.

"கேள்வி கேக்காத. படத்தப் பாரு, அதுவே சொல்லும்" என்பார்.

அவள் முணுமுணுத்துக்கொண்டே பார்ப்பாள். படம் சொல்லும். அப்படித்தான் எல்லாப் புத்தகங்களும் வந்தன. தாடி என்று அவர்கள் செல்லமாகக் கூப்பிடும் பதிப்பாளர் ஒவ்வொன்றையும் அச்சுப் போட்டார்.

சால்ஸா வகுப்பு டயர் கடைக்கு மேலே இருந்த ஒரு ஹாலில். சனிக்கிழமை சாயங்காலம் கீழே ரப்பர் வாடை, மேலே டிரம்பெட் சத்தம். சொல்லிக் கொடுத்த டீச்சர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும் என்பதால் விசிலம்மா. இந்த ஆட்டத்தில் ஆண் முன்னே நடத்துவான், பெண் பின்தொடர்வாள். அதற்கு லீடு என்று பெயர். அடுத்து சுற்றா, விலகலா, நிற்பதா என்று அவன் வாயால் சொல்லக் கூடாது, கையால் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு அது முன்கூட்டித் தெரியக் கூடாது. அவள் முந்திக்கொண்டு தானாகத் திரும்பி, அவனையும் இழுத்துக்கொண்டு போனால் அது திருட்டு லீடு. விசிலம்மாவின் அகராதியில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. விசில் காதைக் கிழிக்கும். "வண்டிய யாரு ஓட்டுறது? நீயா, அவரா?" என்று கத்துவாள்.

கதையக்காவைப் பார்த்து அந்த விசில் ஒரு முறைகூட ஒலித்ததில்லை. கேஸ் தீர்ந்தால், குழாய் ஒழுகினால், சாரின் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பட்டன் போனால் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டியவள் அவள். ஹாலில் மட்டும் எதையும் யோசிக்க வேண்டாம். சாரின் வலது உள்ளங்கை அவள் தோள்பட்டைக்குக் கீழே முதுகில் இருக்கும். அது சொல்கிற பக்கம் போனால் போதும். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேறெங்கும் இருந்ததில்லை, அதை யாரிடமும் சொன்னதும் இல்லை.

அந்த உள்ளங்கைதான் முதலில் பேச்சை நிறுத்தியது. ஒரு சனிக்கிழமை, சுற்று வர வேண்டிய இடம் வந்தது, கை ஒன்றும் சொல்லவில்லை. முதுகில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. சாரின் முகத்தைப் பார்த்தாள். தான் சொல்லிவிட்டதாகவே அவர் நினைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஏன் இன்னும் திரும்பவில்லை என்று புருவம் லேசாகச் சுருங்கியது. அவள் சட்டென்று திரும்பிவிட்டாள். சார் சிரித்தார். பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

அசதியாக இருக்கும் என்று நினைத்தாள். அடுத்த வாரமும் அசதி. அதற்கடுத்த வாரம் அரைச் சுற்றைத் தானே எடுத்தாள், பிறகு முழுச் சுற்றை. போகப் போக, தன் விரல்களால் அவர் விரல்களை மெல்ல மேலே தூக்கி, அவர்தான் தூக்கியது போல அதன் அடியில் நுழைந்து வெளியே வரக் கற்றுக்கொண்டாள். ஒரு முறை திருப்பத்தில் அவர் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிட்டது, உடம்பு முன்னால் சாய்ந்தது. கதையக்கா மார்போடு தாங்கிக்கொண்டு, அதையும் ஆட்டத்தில் சேர்ந்த குனிவு மாதிரி செய்துவிட்டாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். விசிலம்மாவின் கழுகுக் கண்ணுக்கே தப்பிய திருட்டு அது. "சார் லீடு இப்பல்லாம் வெண்ணெய் மாதிரி இருக்கு" என்று அவள் பாராட்ட, சார் வீடு வரும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

படங்களிலும் இதே கதைதான். தாள் அதே அளவு. உள்ளே இருக்கிற உருவங்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. யானையைத் தாள் முழுக்க வரைகிறவர், அதை எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மூலையில் வரைந்துவிட்டு, "எப்படி நம்ம ஆளு?" என்று கேட்டார். சின்னதாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்லா இல்லைங்க என்று ஊர் பேர் தெரியாதவர்களிடம் சொல்லத் தெரிந்தவளுக்கு இவரிடம் நாக்கு எழவில்லை. மழையில் நனைந்து சுருங்கிப்போன யானையின் கதை என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்து எறும்புப் பள்ளிக்கூடம், அதற்கடுத்து பட்டன் அளவு ராஜா. தாடி வாயெல்லாம் பல்லாக, "சாருக்கு இப்பத்தான் தாள்ல வெள்ள எடம் விடுறதோட அரும புரிஞ்சிருக்கு" என்றார். அப்போது அவர் தாடியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல கதையக்காவுக்கு ஆத்திரம் வந்தது. எல்லாருக்கும் கண் இருக்கிறது, ஒருத்தருக்காவது தெரிந்தால் என்ன என்று தோன்றியது. தெரிந்துவிடக் கூடாதே என்று அதே மூச்சில் பயமும் வந்தது.

ஒரு நூலகத்தில் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகள் யானை வேண்டும் என்று கத்தினார்கள். சார் சாக்பீஸை எடுத்துப் பெரிய பலகையில் ஒரு யானை போட்டார். கட்டைவிரல் அளவு. பின்வரிசையிலிருந்து "தெரியல, தெரியல" என்று கூச்சல். சார் பலகையையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யானை ரொம்ப தூரத்துல வருதுடா செல்லங்களா. கண்ண மூடிட்டு காலடிச் சத்தத்தக் கேளுங்க" என்றாள் கதையக்கா.

பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். சார் மட்டும் மூடவில்லை. அவள் வெளியே வந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

இப்படிப் பூசி மெழுகியே வண்டி ஓடியிருக்கும். சாருக்குத் தோள்வலி வந்து காரியத்தைக் கெடுத்தது. வலது கை மேலே எழவில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் குறை இல்லை, நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினார்.

நரம்பு டாக்டர் சின்ன வயசுப் பெண். சாரை விரலைத் தட்டச் சொன்னார், எழுந்து நடக்கச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம் என்று நிதானமாகச் சொன்னார். கை நடுக்கம் இல்லாமலும் அது வரும் என்றார். சார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அன்றாட வேலையெல்லாம் எப்படி இருக்கு சார்? ஏதாவது செய்ய முடியாமப் போயிருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். புஸ்தகத்துக்குப் படம் போடுறேன். வாராவாரம் சால்ஸா ஆடுறேன். லீடு நான்தான். என் லீடு வெண்ணெய் மாதிரி இருக்குன்னு டீச்சரே சொல்லியிருக்காங்க."

டாக்டர் முகம் மலர்ந்தது. "திரும்பும்போது தடுமாற்றம்? விழப் பாத்தது?"

"கெடையவே கெடையாது."

"அப்ப ரொம்ப ஆரம்பக் கட்டம்தான். மாத்திரைக்கு இப்ப அவசரம் இல்ல, கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம். நீங்க பாட்டுக்கு ஆடுங்க." பேனாவை எடுத்தவர் கதையக்கா பக்கம் திரும்பினார். "நீங்கதானே கூட ஆடுறீங்கம்மா? நீங்க என்ன சொல்றீங்க?"

சார் அவளைப் பார்த்தார். பெருமையாகத்தான் பார்த்தார், நம்ம பவிசை நீயும் ரெண்டு வார்த்தை சொல்லேன் என்பது போல. ஆமாம் என்று சொன்னால் மருந்தில்லாமல் வீட்டுக்குப் போவார், நாளைக்கே குளியலறையில் திரும்பும்போது விழுவார், அங்கே தாங்க யாரும் இருக்க மாட்டார்கள். இல்லை என்று சொன்னால் இந்த முகம் இப்படி இருக்காது. வேறு எதையாவது சொல்லித் தப்பிக்க முடியுமா என்று பார்த்தாள். கதை கட்டுவதையே வேலையாக வைத்திருந்தவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"டாக்டர்... லீடு நான்தான் பண்றேன்" என்றாள். "ரெண்டு வருஷமா. அவருக்குத் தெரியாது. விழப்போனாரு, நான் பிடிச்சுக்கிட்டேன். படமும் சின்னதாயிட்டே வருது, நான் அதுக்கேத்த மாதிரி கதைய மாத்திட்டேன்."

டாக்டர் ஒன்றும் குற்றமாகப் பேசவில்லை. முன்னாலேயே வந்திருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரை எழுதினார். படம் சிறுத்துப்போவதும் கால் ஒட்டிக்கொள்வதும் இந்த நோயால்தான், மாத்திரையில் ஓரளவு லேசாகும், குணமாகாது, கொஞ்சம் கொஞ்சமாக அதிகமாகும் என்றார். பாட்டோடு ஆடுவது நல்லது, விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார். சார் "நன்றி டாக்டர்" என்று எழுந்துகொண்டார்.

கீழே மருந்துக் கவுன்ட்டருக்கு முன்னால் இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். திட்டட்டும் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. சார் தன் வலது உள்ளங்கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லதுக்குத்தான் செஞ்சிருக்க, எனக்குப் புரியுதும்மா" என்றார். அப்புறம், "ஒண்ணு மட்டும் சொல்லு. நான் கடைசியா ஆடினது எப்போ?"

அவள் யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள். எந்தச் சனிக்கிழமை, எந்தப் பாட்டு, எந்தச் சுற்று அவர் கை சொல்லி அவள் கடைசியாகத் திரும்பியது? கை பேசாமல் போன நாள்தான் நினைவில் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் என்ன ஆடினார்கள், அவர் எதில் அவளைச் சுற்ற வைத்தார், எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அன்றைக்கு அவள் எதையும் கவனிக்கவில்லை, சந்தோஷமாக ஆடிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பாள்.

"தெரியல சார்" என்றாள்.

கவுன்ட்டரில் அவர்களுடைய டோக்கனைக் கூப்பிட்டார்கள். சார் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். முதல் அடி எடுக்க வேண்டிய இடத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் சுற்றிக்கொண்டு முன்னால் போனார்கள், கவுன்ட்டரில் மறுபடியும் கூப்பிட்டார்கள். முதுகில் ஒரு விரலை வைத்தால் போதும், போய்விடுவார். கதையக்கா கையை நீட்டலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.