தரையில் வைத்த கத்தி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊரில் எல்லோரும் அதைச் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. ஆனால் என் இடுப்புச் சுருக்குப் பையில் இத்தனை வருடமாகக் கிடக்கும் மடக்குக் கத்தி எந்தக் கோபத்திலும் வெளியே வந்தது கிடையாது. வாழை இலை அறுக்க, மிளகுக் கொடியை மரத்தோடு கட்டிய நாரை நறுக்க, அன்னாசியின் தோலைச் சீவ, இப்படித்தான் அது வெளியே வரும். மலைமேல் எங்கள் வாழவந்தி நாட்டில் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஆணானாலும் பெண்ணானாலும் கத்தி இல்லாமல் போக மாட்டோம். செருப்பை மறந்தாலும் மறப்போம்.

அதனால் அடிவாரத்தில் அந்த உத்தரவைப் போட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே ஒரு கோயில் திருவிழாக் கூட்டத்தில் இரண்டு இளவட்டங்களுக்குள் வாய்த்தகராறு முற்றி, ஒருவன் மற்றவனைக் கத்தியால் குத்திவிட்டான். மறுநாளிலிருந்து மலையிலிருந்து இறங்கும் பஸ், வேன், டூவீலர் எல்லாவற்றையும் நிறுத்திச் சோதனை. திருவிழா முடியும்வரை யாரும் கத்தி வைத்திருக்கக் கூடாதாம்.

பஸ்ஸில் இதே பேச்சுத்தான். “நல்லதுதானுங்க, புள்ளைக கூட்டத்துல பயமில்லாமப் போகும்” என்றார் முன் சீட்டில் இருந்தவர்.

“அப்போ பலாப்பழத்தப் பல்லால கடிச்சுத் தொறக்கறதுங்களா?” என்று நான் கேட்டேன். பஸ்ஸே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எவனோ ஒருவன் குத்தினான் என்பதற்காக ஒரு மலையே இடுப்பைத் தட்டிக் காட்ட வேண்டுமா என்று சத்தமாகவே கேட்டேன். எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். என்னிடம் வாயைக் கொடுக்க அவர்களுக்கென்ன பைத்தியமா?

அந்த வாரத்தில்தான் என் தம்பி மாட்டினான். அவன் எனக்கு நேரெதிர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். எங்கள் அன்னாசியையும் வாழைத்தாரையும் வேனில் ஏற்றிக் கீழே கொண்டுபோவது அவன் வேலை. ஆனால் அவன் ஆசையெல்லாம் இந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் அரசு பஸ் ஓட்டுவதில் இருந்தது. அந்த வேலைக்குத் தேர்வும் ஆகிவிட்டான். போலீஸ் விசாரித்து நற்சான்று தர வேண்டியது மட்டும்தான் பாக்கி.

காலையில் இன்னொரு வேன்காரர் போன் செய்தார். “ஏனுங்க அக்கா, தம்பிய ஸ்டேஷன்ல உக்கார வெச்சுட்டாங்க. இடுப்புல கத்தி இருந்துச்சாம். கொடுன்னு கேட்ட ஏட்டு முன்னாடி தூக்கி எறிஞ்சுட்டானாம். கேஸ் போடப் போறாங்களாம்.”

கத்தி இருந்திருக்கும். தூக்கி எறிந்தான் என்பதை மட்டும் நான் நம்பவில்லை. ஆனால் ஒரு கேஸ் விழுந்தால் போதும், அந்த பஸ் வேலை அவ்வளவுதான். சாமைச் சோற்றையும் அவரைக்காய்ப் பொரியலையும் இலையில் வைத்து வாழைநாரால் இறுக்கிக் கட்டிக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சோதனைச் சாவடியில் ஆண்களை மட்டும் தடவிப் பார்த்தார்கள். பெண்களைச் சோதிக்கப் பெண் போலீஸ் இல்லை. ஒன்றும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டேஷனில் தம்பி சுவரோரப் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். மேசைக்குப் பின்னால் எஸ்.ஐ. ஒரு பெண், என்னைவிட வயதில் சின்னவர். பக்கத்தில் ஏட்டு. நான் போன வேகத்தில் ஆரம்பித்துவிட்டேன்.

“எங்க மலையில கத்தி இல்லாத ஊடு ஒண்ணு காட்டுங்க பாக்கலாம்! அத்தனை பேரையும் புடிச்சு உள்ள போடுவீங்களா?”

எஸ்.ஐ. அம்மா குரலை உயர்த்தவில்லை. “குத்துப்பட்ட பையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தாங்க. வண்டி போய்ச் சேர்ற வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தான். அவனைக் குத்தினதும் ஒரு மடக்குக் கத்திதான். பழம் அறுக்கிற கத்தி.”

இருந்தாலும் விடவில்லை. “அவன் குத்துனான்னா அவனப் புடிங்க. கத்தி என்னங்க பண்ணும்? வெச்சிருக்கற கையத்தான பாக்கோணும்!”

“கையைப் பார்த்து எப்படிங்க கண்டுபிடிக்கிறது? கூட்டத்துல ஆயிரம் கை இருக்கு. கத்தியைத்தான் என்னால எடுக்க முடியும்.” பிறகு தம்பியைக் காட்டினார். “அதுவும் இவர் விஷயம் வேற. கேட்ட போலீஸ் முன்னாடி கத்தியை வீசினா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க.”

“நான் வீசலீங்க” என்றான் தம்பி, தலை நிமிராமல். காலையிலிருந்து அதையேதான் சொல்லியிருக்கிறான். அதற்கு மேல் விளக்க அந்தப் புண்ணியவானுக்குத் தெரியவில்லை.

“முதல்ல அவருக்குச் சாப்பாடு கொடுங்க” என்றார் எஸ்.ஐ. அம்மா. நல்ல மனசுதான். அப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கீழே உட்கார்ந்து கூடையிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். காலையில் பதற்றத்தில் போட்ட முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பினேன். வரவில்லை. கை தானாகச் சுருக்குப் பைக்குப் போயிற்று. கத்தியை எடுத்து விரித்து, நாரை ஒரே அறுப்பில் அறுத்தேன்.

ஸ்டேஷன் அப்படியே நின்றுபோயிற்று. ஏட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். கையில் விரித்த கத்தியோடு போலீஸ் ஸ்டேஷன் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. தம்பியை மீட்க வந்தவள் தானும் உள்ளே போகப் போகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கத்தி வைத்திருக்கும் நினைவே எனக்கு இல்லை. கட்டியிருக்கும் சேலையை யாராவது நினைத்துக்கொண்டே இருப்பார்களா?

எஸ்.ஐ. அம்மா எழுந்து என் முன்னால் வந்து கையை நீட்டினார். “கொடுங்க அதை.”

கொடுத்திருக்கலாம். கொடுத்துவிட்டுக் கும்பிட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை மூளும் என்பது நம்பிக்கை. பகை வரக் கூடாதென்று தரையில் வைத்துத்தான் கொடுப்போம். அந்த நேரத்திலும் என் கை அதைத்தான் செய்தது. கூர்ப்பக்கம் என்னைப் பார்க்க, பிடி அந்த அம்மாவைப் பார்க்க, கத்தியைச் சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

எஸ்.ஐ. அம்மா நீட்டிய கையோடு கத்தியைப் பார்த்தார். பிறகு ஏட்டைப் பார்த்தார். “இப்படித்தான் எறிஞ்சாரா?”

ஏட்டு தரையில் இருந்த கத்தியைக் குனிந்து பார்த்தார். “இப்படித்தாம்மா... வெச்சான்” என்றார். பொய் சொல்லாத மனிதர். அதற்காக அவர் மேலிருந்த கோபத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஏன் அப்படி என்று அந்த அம்மா கேட்டார். “உங்களோட சண்ட வேண்டாம்னுதானுங்க கீழ வெக்கறது” என்றேன். “அவனும் அதுக்குத்தானுங்க வெச்சான்.”

அவர் காக்கி உடுப்போடு குனிந்து தரையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டார். தம்பி சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். சாப்பிட்டதும் அவனிடம் சொன்னார்: “கேஸ் இல்லை, போங்க. ஆனா கத்தி இனிமே இடுப்புல வேண்டாம். வண்டிப் பெட்டியில போட்டுப் பூட்டி வைங்க.”

எனக்கு மறுபடி வாய் அரித்தது. “இடுப்புல இருந்தா என்ன, பெட்டியில இருந்தா என்னங்க? ரெண்டும் கத்திதான?”

“இடுப்புல இருந்தா கோபம் வந்ததும் கைக்கு வந்துடும். பெட்டியைத் திறக்கணும்னா கொஞ்ச நேரம் ஆகும். குத்தினவனுக்கு அந்தக் கொஞ்ச நேரம் கிடைச்சிருந்தா போதும், கோபம் ஆறியிருக்கும்.”

நான் என் கோபத்தை அறிந்தவள். காட்டில் என் இடுப்பைத் தடவ யாருக்கும் உரிமையில்லை என்று இன்றைக்கும் சண்டை போடுவேன். திருவிழாக் கூட்டத்துக்கு மட்டும் அந்த அம்மா சொன்னது சரி. இரண்டையும் நான் ஊரில் சொல்கிறேன். இரண்டு பக்கமும் என்னைத் திட்டுகிறார்கள்.

கிளம்பும்போது தம்பியின் கத்தியும் என் கத்தியும் அவர் கையில் இருந்தன. நான் வழக்கத்தை மறந்து கையை நீட்டிவிட்டேன். பதற்றம்தான். எஸ்.ஐ. அம்மா என் கையைப் பார்த்தார், கூடாது என்று தலையை ஆட்டினார். குனிந்து இரண்டு கத்திகளையும் தரையில் வைத்தார். கூர் தன் பக்கம். பிடி எங்கள் பக்கம்.

கத்தியை எடுத்தேன். சுருக்குப் பையில் போடவில்லை. மடக்கிக் கூடையின் அடியில் வைத்து, காலி இலையால் மூடினேன். மலையேறும் வேனில் தம்பியின் பக்கத்தில் தலை நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன்.