அக்கா இருக்க விரும்பிய இடம்

சென்ற ஆண்டு நடந்தவை:

1. வாலாஜாபாத்தில் அக்காவின் புகுந்த வீட்டில் வளைகாப்பு நடந்தது.
2. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவில்லை, என்னைப் பார்த்துவரும் டாக்டரம்மா பக்கத்திலேயே இருந்துவிடுகிறேன் என்றார் அக்கா.
3. இரு வீட்டாரும் ஒப்பவில்லை. அழைத்து வந்தோம்.
4. வலி கண்ட அன்று கனமழை. ஏரித் தண்ணீர் சாலைமேல் ஓடியது.
5. வேன் வருவதற்குள் வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. உதிரப்போக்கு நிற்கவில்லை.
6. ஆஸ்பத்திரி சேரத் தாமதமானது. அன்று மாலை அக்கா எங்களை விட்டுப் போனார்.

ஒரகடத்தை அடுத்த எங்கள் கிராமத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்தவர் அக்கா. பத்தாவது முடித்ததும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனார். என் டிப்ளமோ படிப்பு அக்கா பார்த்த ஓ.டி.யில் நடந்தது. கோபத்தையும் சிரிப்பாகவே பேசுவார்.

வளைகாப்பன்றும் அப்படித்தான். "தலைப்பிரசவம் அம்மா வூட்லதான்டி. ஊரு இன்னா பேசும்?" என்றார் அம்மா.

"பெத்துக்கப்போறது நானா, ஊரா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். "டாக்டரம்மா இங்க கீறாங்க. எனக்கு இங்கதாம்மா தெம்பா கீது" என்று அக்கா மறுபடி சொன்னபோது, பெரியவர்கள் வேனுக்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவுக்காக அம்மா அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புது ஃபேன் மாட்டி வைத்திருந்தார். அக்கா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். "எனக்காக ஃபேன் வேற மாட்டிட்டியாம்மா?" என்றார். அதன்பின் வாலாஜாபாத் பேச்சை எடுக்கவே இல்லை. சம்மதித்துவிட்டார் என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

அங்கேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். ஆகவே நானும் அப்படி எழுதவில்லை. உறுதியாகத் தெரிந்ததை எழுதுகிறேன்: தன் உடம்புக்கு எது வேண்டும் என்று அக்கா சொன்னார். பாசத்தோடு நாங்கள் அதை மறுத்தோம். அந்த ஃபேனை இன்றுவரை யாரும் போடுவதில்லை.

தண்ணீரில் நின்ற வேனைத் தள்ளிக்கொடுத்த ஊராருக்கும், ஷிப்ட் முடித்த கையோடு வந்து ரத்தம் கொடுத்த அக்காவின் கம்பெனித் தோழர்களுக்கும், கடைசிவரை அக்காவின் கையை விடாத நர்ஸம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த 1991 ஐப்பசியில் நிலைமை இது. குழந்தை தன் அப்பாவிடம் வாலாஜாபாத்தில் வளர்கிறாள்; நடக்கத் தொடங்கியிருக்கிறாள். எங்கள் அண்ணிக்கு இது ஆறாவது மாதம். வளைகாப்பு முடித்து அழைத்துப்போக நாள் கேட்டு அண்ணியின் பெற்றோர் வந்தார்கள். "எங்களாண்ட கேக்காதீங்க. அவளாண்ட கேளுங்க" என்றார் அம்மா.

பிரசவம் எங்கே என்று அண்ணி இன்னும் சொல்லவில்லை. காத்திருக்கிறோம்.