தனகோடி காதைப் பொத்திக்கொண்ட மூன்று மாதம்

தனகோடி அக்கா மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். என்னுடைய எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வில் அவள் முப்பத்தேழாம் எண். அவளைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் என்னைத் தவிர வேறு யாரும் இதை எழுதப் போவதில்லை.

வானூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பதினாறு வயதில் சிங்காரத்தைக் கட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தாள். சிங்காரம் பாத்தியில் உப்பை வாரி ஒதுக்குவார். அவள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து வரப்பில் கொட்டுவாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, பாத்தியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அக்கா அவர் உப்பு வாருகிற பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிட்டாள். பொம்பள வாருனா உப்பு படியாது என்று மேஸ்திரி முணுமுணுத்தாராம். "உப்புக்கு ஆம்பள பொம்பள தெரியுமா மேஸ்திரி? உங்களுக்குத்தான் தெரியுது" என்று கேட்டிருக்கிறாள். மகள் கீதாஞ்சலியை பி.காம். படிக்க வைத்தாள். அந்தப் பெண் இப்போது கோட்டக்குப்பத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.

உப்பளத்துப் பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கண்ணுக்கெட்டிய வரை வெட்டவெளி, ஒதுங்க ஒரு புதர் கிடையாது, சுற்றிலும் ஆம்பளைகள். அதனால் விடிவதற்கு முன் இறங்கியவர்கள் வெயில் உச்சிக்கு ஏறி வீடு திரும்புகிறவரை ஒரு மடக்கு குடிப்பதில்லை. பாட்டிலில் தண்ணீர் கொண்டு போவது கை கழுவத்தான். உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் புண்ணாகும், இடுப்பு விட்டுப்போகும். அதற்கு மெடிக்கலில் சொல்லி வாங்குகிற வலி மாத்திரை, இறங்கும்போது ஒன்று, ஏறி வந்ததும் ஒன்று. அக்கா அதைப் பதினோரு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் குடிக்காத உடம்பில் அந்த மாத்திரை தினமும் போனால் சிறுநீரகம் கெடும். என் ஆய்வே அதைப் பற்றித்தான். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு தெரியும், பாடம் நடத்தினால் அது கூடுமா என்று பார்க்க வேண்டும். இரண்டு ஊர், ஊருக்கு முப்பது பேர். முதல் ஊருக்குப் படம் போட்ட புத்தகம் கொடுத்துப் பாடம் நடத்துவேன். இரண்டாம் ஊருக்கு ஆரம்பத்திலும் மூன்று மாதம் கழித்தும் கேள்விகள் மட்டும். அதற்குப் பிறகுதான் பாடம். நடுவில் ஒரு வார்த்தை கசிந்தாலும் ஆய்வு வீண் என்று என் வழிகாட்டி மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆய்வைப் பற்றித் தெரிந்துகொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு என்று ஒப்புதல் படிவத்தில் இருந்தது. அதை நானே வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அக்கா இரண்டாம் ஊர்.

மார்ச் மாதம் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேள்விகளைக் கேட்டேன். பதினாலாவது கேள்வி: வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தினமும் சாப்பிடலாமா?

"சாப்புடலாம். சாப்புட்டுக்கினுதானே இருக்கறேன்" என்றாள். நான் டிக் அடித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "ஏன் சிஸ்டரு, தப்பா?"

"இப்ப சொல்லக்கூடாதுக்கா. மூணு மாசம் கழிச்சு நானே வந்து எல்லாத்தையும் சொல்றேன்."

"இப்ப சொன்னா என்னா ஆவும்?"

"என் படிப்பு கெட்டுடும்."

அவள் சிரித்தாள். "அப்ப சொல்லாதீங்க. எம் பொண்ணும் படிச்சவதான். பரீட்ச பேப்பர முன்னாடியே காட்டுவாங்களா?"

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அவள் கணுக்கால் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். பி.பி. கூடுதலாக இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இருந்தது. சீசன் முடியட்டும் என்றாள்.

ஜூனில் மறுபடி போனபோது முகம் உப்பியிருந்தது. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை, குமட்டுகிறது என்றாள். ஆனாலும் கேள்வியைக் கேளுங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள். பதினாலாவதுக்கு வந்ததும் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சாப்புடலாம். பாத்தீங்களா, அதே பதிலு. ஒண்ணும் மாத்தல."

பிறகு நடந்ததைச் சொன்னாள். அவள் நாத்தனார் செல்லம்மாள் முதல் ஊர்க்காரி. பாடம் கேட்டுவிட்டு ஏப்ரலிலேயே புத்தகத்தோடு ஓடிவந்திருக்கிறாள். "அந்த மாத்திரைய..." என்று அவள் ஆரம்பித்ததும் அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாளாம்.

"வாயத் தொறக்காதடி, எனக்கு சிஸ்டரு வந்து சொல்லுவாங்க, முன்னாடியே தெரிஞ்சிக்கினா அந்தப் பொண்ணு படிப்பு பாழாப் பூடும்னு சொல்லி அனுப்பிட்டேன் சிஸ்டரு. புக்கக்கூட கையால தொடல. அவளுக்குக் கோவம். இன்னும் பேசல."

அங்கேயே ஆட்டோ பிடித்துப் புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். அதை டாக்டர், கடையிலிருந்து ஓடிவந்த கீதாஞ்சலியை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க சிஸ்டர். தாங்கமாட்டாங்க."

இல்லை என்றேன். முதலில் நான் சொல்லவில்லை, இப்போது நீயும் சொல்லாதே என்றால் அவள் உடம்பைப் பற்றி அவளைத் தவிர ஊருக்கெல்லாம் தெரியும், அது அநியாயம் என்றேன். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீங்களே சொல்லுங்க என்று நகர்ந்துகொண்டாள்.

கட்டிலருகே உட்கார்ந்து சொன்னேன். மாத்திரை என்ன செய்தது, தண்ணீர் குடிக்காதது என்ன செய்தது, இனிமேல் வாரம் மூன்று முறை இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், உப்பளத்துக்கு இனி போக முடியாது என்று எதையும் விடாமல் சொன்னேன். முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"இவ்ளோதானா சிஸ்டரு? அஞ்சு நிமிசங்கூட ஆவல."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். டாக்டரிடம் பிறகு கேட்டேன், மார்ச்சிலேயே சொல்லி மாத்திரையை நிறுத்தியிருந்தால் சிறுநீரகம் தப்பியிருக்குமா என்று. அதற்கு முன்பே எவ்வளவு கெட்டிருந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார்.

என் ஆய்வு நன்றாக வந்தது. முதல் ஊரின் மதிப்பெண் ஏறியிருந்தது, இரண்டாம் ஊரின் மதிப்பெண் அப்படியே இருந்தது. வித்தியாசம் இவ்வளவு தெளிவாக யாருக்கும் வந்ததில்லை என்று மேடம் எல்லார் முன்னாலும் பாராட்டினார். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

வாரம் மூன்று முறை ரத்தத்தைச் சுத்தம் செய்தும் அக்கா உடம்பு தேறவில்லை. அக்டோபரில் கடைசியாகப் பார்த்தபோது அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"பாஸ் பண்ணிட்டீங்களா சிஸ்டரு?"

"பண்ணிட்டேன்க்கா."

"செல்லம்மா சொல்றா, ஒருவேள அன்னிக்கி அவ சொன்னது ஏதாவது என் காதுல வுழுந்திருக்குமோன்னு. சத்தியமா வுழல சிஸ்டரு. அதே பதிலுதான்னு எழுதிட்டீங்க இல்ல?"

எழுதிவிட்டேன் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.