கல்பா கழிமுகத்தில் ஒரு டிரவுட் தூண்டில்

1977 பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்தின் கீழே ஹமீது காக்காவின் பிக்கப் வந்து நின்றது. காக்கா காயல்பட்டினத்துக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கீழைக் கடற்கரையில், கல்பாவில் இருக்கும் மைத்துனர் கடைக்கு அன்று அரிசியும் டின் பாலும் ஏற்றிப் போனார். முன் இருக்கையில் எங்கள் இருவருக்கும் இடம் கொடுத்தார். என் கணவர் ரகு கட்டுமான கம்பெனியில் வரைபடக்காரர். வாரத்தில் வெள்ளி ஒரு நாள்தான் லீவு. எங்கள் மடியின் குறுக்கே ஒரு தகரக் குழாய். அதற்குள் அப்பாவின் தூண்டில் கோல், மூன்று துண்டுகளாக.

அப்பா ஊட்டிக்கு அப்பால் அவலாஞ்சியில், டிரவுட் மீன் குஞ்சு வளர்க்கும் பண்ணையில் வேலை பார்த்தவர். மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்த அந்த ஏழரை அடிக் கோல், ஓடையில் ஒன்றரை ராத்தல் மீன் பிடிக்க ஏற்பட்டது. ஊருக்குத் திரும்பிய எஸ்டேட் துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. அப்பா இறந்தபின் நான் எடுத்துக்கொண்டேன். ஷார்ஜா வந்து இரண்டு வருடமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அன்றுவரை நான் வீசி ரகு பார்த்ததில்லை.

வழியில் தைத் என்ற ஊர் ஐம்பது கிலோமீட்டர். அங்கே மணல் முடிந்து மலை எட்டிப் பார்க்கிறது. ஏழேகாலுக்கு மசாஃபியில் நிறுத்தி டீ குடித்தோம். கிளாஸ் ஐம்பது ஃபில்ஸ். காக்கா என் தூண்டில் டப்பாவைத் திறக்கச் சொன்னார். பழைய சேலையிலிருந்து உருவிய வெள்ளிச் சரிகையை முள்ளில் சுற்றி, மார்க்கெட்டில் வாங்கிய சேவல் இறகைக் கட்டி நான் செய்த ஃபிளைகள் ஐந்து இருந்தன.

“இதுல இரை எங்க தங்கச்சி?” என்றார்.

“இரையே கிடையாது காக்கா. தண்ணிக்குள்ள கொஞ்சம் முங்கினாப்ல இழுத்தா, மீன் இதையே பூச்சின்னு நினைச்சுக் கடிக்கும்.”

காக்கா டம்ளரைக் கீழே வைத்தார். “எங்க ஊர்ல இத்தன மீன்காரங்க இருக்காங்க, ஒருத்தனுக்கும் இது தோணலியே” என்றார்.

மசாஃபிக்குப் பிறகு புதிதாகப் போட்ட தார்ச்சாலை கறுத்த மலைகளை வெட்டிக்கொண்டு இறங்குகிறது. ஃபுஜைராவில் கடல் தெரிந்தது. அங்கிருந்து தெற்கே பத்து கிலோமீட்டரில் கல்பா. எட்டரைக்குச் சரக்கை இறக்கிவிட்டு, காக்கா எங்களைக் கழிமுகத்துக்கு அழைத்துப் போனார். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள். நடுவே பச்சைத் தண்ணீர். ஜும்மா தொழுகைக்கு அவர் பதினொன்றரைக்காவது ஊருக்குள் திரும்ப வேண்டும்.

கோலைப் பொருத்தி, சேலையைச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். முதல் வீச்சு பின்னால் மரத்தில் சிக்கி ஒரு ஃபிளை போயிற்று. இரண்டாவது ஃபிளையைப் பாறைச் சிப்பி அறுத்தது. அதன்பின் கை பழைய கணக்குக்கு வந்தது. கயிறு நீளமாக விரிந்து சத்தமில்லாமல் விழுந்தது. ஆனால் ஒரு மணி நேரமாக எதுவும் தொடவில்லை. கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் காக்காவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். இங்கே மாஃபி, ஒன்றும் கிடையாது, வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் இப்போது தண்ணீர் ஏறுகிறது, அங்கே போகச் சொல்லுங்கள் என்றாராம்.

போனேன். பத்து மணி இருக்கும். பொடிமீன் கூட்டம் ஒன்று மேலே தெறித்தது. அதன் ஓரத்தில் ஃபிளையைப் போட்டு, விரல் விரலாக இழுத்தேன். கோல் வளைந்தது. டிரவுட் சுண்டி இழுப்பதுபோல் இல்லை அது. யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவதுபோல இருந்தது. கோலின் சக்கரத்தில் கயிறு குறைந்துகொண்டே வந்தது. விட்டுவிடலாம், கோலை மீன் பக்கமாக நீட்டிப் பிடித்தால் கயிற்று நுனியில் கட்டிய மெல்லிய நைலான் நரம்பு அறுந்து அப்பாவின் மூங்கில் பிழைக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் மீனோடு சேர்ந்து கரையோரமாக நடக்கத் தொடங்கினேன்.

பின்னால் காக்காவும் ரகுவும் ஓடி வந்தார்கள். வலைக்காரரும் ஓடி வந்து அரபியில் ஏதேதோ சொன்னார். கால் மணி நேரத்தில் மீன் பத்தடிக்குள் வந்து கடைசியாக ஒரு தடவை திரும்பியது. கோல் நுனி மளுக்கென்று ஒடிந்தது.

“வத்சலா, கயித்தைக் கையில புடி” என்றார் ரகு. நீச்சல் தெரியாதவர், ஆபீஸ் பேண்டோடு மார்பளவுத் தண்ணீருக்குள் போய்விட்டார். நான் கயிற்றைக் கையால் இழுக்க, அவர் இரண்டு கையாலும் மீனை அணைத்துத் தூக்கி வந்தார். வெள்ளித் தகடுபோல ஒரு பாறை மீன். நாலு ராத்தலுக்குக் குறையாது. வலைக்காரர் முள்ளை எடுத்துக் கொடுத்துவிட்டு, சரிகையை வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

ஒடிந்தது நாலு அங்குலம். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நூல் சுற்றிப் புது வளையம் வைத்தால் இன்னும் கொஞ்சம் கட்டையான கோல், அவ்வளவுதானே என்று ரகு கணக்குப் போட்டுச் சொன்னார். நான் தலையாட்டினேன். காக்கா ஜும்மா முடித்து வந்ததும் அவர் மைத்துனர் வீட்டில் மீனைக் குழம்பு வைத்தார்கள். வலைக்காரரும் சாப்பிட வந்தார்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். மலை ஏறும்போது அவலாஞ்சி ஓடையை நினைத்துப் பார்த்தேன். அங்கே தண்ணீர் காலை மரக்கடிக்கும். அப்பா பேசமாட்டார், யாரையும் பக்கத்தில் வரவிடமாட்டார். என்னையும் நாற்பதடி தள்ளித்தான் நிற்க வைப்பார். மீன் பிடிப்பதென்றால் அப்படித்தான் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். இங்கே மூன்று பேர் கூடவே ஓடி வந்தார்கள், அதில் ஒருவர் தண்ணீரிலேயே இறங்கிவிட்டார். அப்பாவிடம் சொல்ல முடிந்தால் இதையும் சொல்லியிருப்பேன்: எனக்கு இதுதான் பிடித்திருந்தது.