ஒருநிமிஷத்தின் பை

"நல்ல ஸ்பேனர் சார் இது. இந்த மாதிரி இரும்பெல்லாம் இப்ப வர்றதே இல்ல" என்று வாசல் கேட்டுக்கு வெளியே நின்றபடி புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். பாராட்டு முடிவதற்குள் ஸ்பேனர் வலக்கையிலிருந்து இடக்கைக்குப் போய்விடுகிறது. அடுத்த வாக்கியத்தில் தோள்பையின் வாய் திறக்கிறது. "ஒரு நிமிஷம் குடுங்க. அங்க ஒரு நட்டு மக்கர் பண்ணுது. முடிச்சதும் கொண்டாந்துடறேன்." கேட்டுக்கு உள்ளே நிற்பவர் ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர். கடன் கேட்டு வந்தவர்களின் முகத்தைப் படித்தே முப்பத்தைந்து வருஷம் சம்பளம் வாங்கியவர். அவரே சரி என்று தலையாட்டிவிடுகிறார்.

அந்த நிமிஷம் தொடங்கி இப்போது மூன்று வருஷம் ஆகிறது.

ஸ்பேனரை வாங்கிப் போனவருக்குத் தெருவில் பெயரே ஒருநிமிஷம் என்றாகிவிட்டது. குழாய் ஒழுகினால், மோட்டார் முனகினால், கதவுக் கீல் கழன்றால், "ஒருநிமிஷத்தைக் கூப்பிடு" என்பார்கள். பெயருக்கேற்றபடி உடனே வந்தும் விடுவார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. நடந்தால் சட்டைப் பையில் வாஷர்கள் சலசலக்கும். வேலையில் இறங்கிவிட்டால் மனிதர்களோடு பேச்சில்லை, குழாயோடுதான். "என்னடா ஒனக்கு? நேத்துதானே பாத்தேன்?" என்று அதட்டுவார். குழாயும் பெரும்பாலும் அடங்கிவிடும். கூலியில் கறார் கிடையாது. கொடுத்ததை வாங்கிக்கொள்வார். கொடுக்காததையும் வாங்கிக்கொண்டு போவார் என்பதுதான் சிக்கல்.

திருப்பித் தரும் எண்ணம் அவருக்கு இல்லாமல் இல்லை. அதற்கான நாள்தான் வாய்க்கவில்லை. யாராவது ஜாடையாகக் கேட்டால், "நம்மகிட்டதான் சார் இருக்கு, பத்திரமா இருக்கு" என்பார், ஏதோ லாக்கரில் வைத்திருப்பது போல. அதுவும் பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பழைய போர்வையை விரித்து, பையிலுள்ள அத்தனையையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல உயர வரிசையில் கிடத்துவார். எண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். மேனேஜர் வீட்டில் துருவேறிக் கிடந்த ஸ்பேனர் அந்தப் போர்வையில்தான் முதன்முதலாகப் பளபளத்தது. பிடி கழன்ற உளிக்குப் புதுப் பிடி, மழுங்கிய ரம்பத்துக்குப் புதுப் பல். இரண்டு மூன்று வருஷம் ஒரு பொருளை இப்படிச் சீராட்டினால் அது யாருடையது என்பது மெல்ல மறந்துபோகும். அவருக்கு மறந்துபோயிருந்தது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, யார் வீட்டிலோ மொட்டை மாடித் தொட்டியில் தலையை விட்டுக்கொண்டிருந்தார். பையைக் கீழே சைக்கிள் கேரியரில் வைத்திருந்தார். இறங்கி வந்தபோது சைக்கிள் இருந்தது, பை இல்லை.

அன்று மாலை சலூனில் உட்கார்ந்து அவர் பேசிய பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். "அடுத்தவன் பொருள எடுத்து வெச்சிக்கிட்டா எப்படிங்க அவனுக்குச் சோறு எறங்கும்? ஒருத்தன் கஷ்டப்பட்டுச் சேத்து வெச்சது. எத்தன வருஷம்! மனசாட்சின்னு ஒண்ணு வேணாமா?" சலூன்காரர் கத்தியைக் காற்றில் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மூக்குக் குறடும் அந்தப் பையோடுதான் போயிருந்தது. குறடுக்காக வருத்தப்படுவதா, நண்பருக்காக வருத்தப்படுவதா என்று அவருக்கு விளங்கவில்லை.

பத்து நாள் வேலை ஓடவில்லை. இரவல் வாங்கிச் சமாளிக்கலாம் என்று வீடு வீடாகப் போனார். கொடுக்க யாரிடமும் எதுவும் மிச்சமில்லை. "எங்க வீட்ல இருந்தது அந்த ஒண்ணுதானே" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்கள். அவர்களைக் கஞ்சர்கள் என்று நினைத்தபடி திரும்பினார். குழாய்கள் இஷ்டத்துக்கு ஒழுகின. வீட்டில் அவர் மனைவி தையல் மெஷினை மிதித்த வேகத்தில் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள், கடைத்தெரு அடகுக் கடையைத் தாண்டும்போது கால் தானாக நின்றது. கம்பிக் கதவுக்குப் பின்னால், பழைய டிவிகளுக்கும் மிக்ஸிகளுக்கும் நடுவே ஒரு பை. அதன் வாயிலிருந்து ஒரு பைப் ரெஞ்ச் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. அந்தச் சுற்று அவருடையது.

"என் பை!" என்று உள்ளே பாய்ந்தார்.

அடகுக் கடைக்காரர் சாந்தமானவர். அழுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய சாந்தம். "இருக்கலாம் அண்ணே. மூட்டையா வந்துச்சு, மூட்டையா வாங்கி வெச்சேன். பிரிச்சுக்கூடப் பாக்கல. போலீஸ்ல சொல்லுங்க. அவங்க சொன்னா நான் தரப்போறேன்."

அடகு வைத்தவன் கொடுத்திருந்த முகவரியில் போய்ப் பார்த்தால் காலி மனை. ஆடு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அத்தோடு திருடன் இந்தக் கதையிலிருந்து போய்விட்டான். பை மட்டும் காவல் நிலையத்துக்கு வந்தது. அங்கிருந்த பெண் அதிகாரி, "ரசீது ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை. "சரி, இது உங்களோடதுதான்னு சொல்ல ரெண்டு பேரக் கூட்டிட்டு வாங்க."

ரெண்டு பேர் போதும் என்றுதான் சலூனில் சொன்னார். ஏழு பேர் கிளம்பினார்கள். மேனேஜர் வெளுத்த சட்டை போட்டு வந்தார். மாடி வீட்டுப் பல் டாக்டரம்மா க்ளினிக்கையே ஒரு மணி நேரம் மூடிவிட்டு வந்தார். சலூன்காரர் பாதி முகம் மழித்த ஒருவரை நாற்காலியில் விட்டுவிட்டு வந்தார். மனைவியும் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தாள். தன் மேல் தெருவுக்கு இத்தனை பாசமா என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வழியெல்லாம், "எதுக்குங்க இவ்வளவு பேரு? ரெண்டு பேர் போதும்னாங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். வேண்டாம் என்று ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை.

நீள மேசையில் இருபத்து மூன்று சாமான்கள் நம்பர் சீட்டோடு கிடந்தன.

"இதெல்லாம் யாரோடது?" என்றார் அதிகாரி.

"என்னோடது மேடம்."

"எல்லாமேவா?"

"எல்லாமே." குரலில் ஒரு தகப்பனின் பெருமை இருந்தது.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அதிகாரி மேனேஜர் பக்கம் திரும்பினார்.

மேனேஜர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அவர்கிட்ட இருந்ததுதான் மேடம். அதுல சந்தேகமே இல்ல. எத்தன தடவ வேணும்னாலும் சொல்றேன். ஆனா அந்த ஆறாம் நம்பர் ஸ்பேனர் என்னோடது."

பிறகு சலூன்காரர், "பதினொண்ணு" என்றார், ஏலத்தில் கேட்பது போல மெதுவாக. டாக்டரம்மா டிரில்லிங் மெஷினைத் தொட்டுப் பார்த்து, "இது எங்க வீட்டுக்காரர் வாங்கினது. வயர்ல பல் பதிஞ்சிருக்கு பாருங்க, எங்க நாய் கடிச்சது" என்றார். அதன் பின் கூச்சம் விட்டுப்போயிற்று. ரம்பம், உளி, ரசமட்டம் என்று ஆளுக்கு ஆள் கையை நீட்டினார்கள். சாட்சிகள் மேசையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருநிமிஷம் பின்னால் தள்ளப்பட்டு, எட்டி எட்டிப் பார்த்தார்.

வாக்குமூலம் தர வந்திருந்த அடகுக் கடைக்காரர் அதுவரை ஓரமாக நின்று ரசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் முகம் மாறியது. "மேடம், அந்தப் பச்சைப் பிடி திருப்புளி... என் கடை ஷட்டர் ரிப்பேருக்கு இவர் வந்தப்ப காணாமப் போனது!"

"பத்து நாளா உங்க கடையிலதானே இருந்துச்சு?"

"பிரிச்சுப் பாக்கலையே மேடம்." தன் திருப்புளிக்குத் தானே கடன் கொடுத்த வேதனை அந்தச் சாந்தமான முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "சரி, இப்ப நான் யார் மேல கேஸ் எழுதணும்? யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. நாளைக்கே எந்த வீட்டில் எந்தக் குழாய் வெடிக்குமோ, யாருக்குத் தெரியும்?

"ஒரு நிமிஷத்துக்குத்தான் மேடம் வாங்கினேன்" என்றார் அவர். அதில் வஞ்சகமே இல்லை. அதனால்தான் அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்காதவள் மனைவி ஒருத்திதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பத்தொன்பதாம் நம்பர் சீட்டைப் பிய்த்தாள். கறுப்புப் பிடி போட்ட பெரிய துணிக் கத்தரி. அலகு முழுக்க ரப்பர் பிசுக்கு.

"இது என் கத்தரி."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன கத்தரி அது. காணாமல் போன அன்று ஒருநிமிஷத்தின் தங்கை இவர்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தங்கையும் தைக்கிறவள். "நல்லாருக்கே அண்ணி, எங்க வாங்கினீங்க?" என்று வேறு கேட்டுவிட்டாள். அவ்வளவு போதாதா? அன்றிலிருந்து நாத்தனாரோடு பேச்சு நின்றது. அடுத்த தெருவில் இருந்தவள் அடுத்த ஊருக்குப் போனது போலானாள். அவள் மகள் கல்யாணத்துக்கு இவள் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். இத்தனைக்கும் கத்தரியை எடுத்தவர், வாஷர் செய்ய ரப்பர் ஷீட் நறுக்கிக்கொண்டு கொல்லைப்புறத்திலேயே இருந்தார். முதல் வாரம் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். ஒரு மாதம் கழித்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு, சொல்லாமல் இருந்த குற்றம் எடுத்த குற்றத்தைவிடப் பெரிதாகிவிட்டது. இரண்டு பெண்கள் நடுவில் மத்தியஸ்தம் பேசும் பெரிய மனிதராகவே அவர் காலம் தள்ளினார். "விட்டுக் குடுத்துப் போம்மா, ஒரு கத்தரிக்காகவா?" என்று மனைவிக்குப் புத்திமதி கூடச் சொல்லியிருக்கிறார்.

"ஏங்க, என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் மேசையைப் பார்த்தார். அதிகாரி, மேனேஜர், சலூன்காரர் எல்லோரும் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ்களைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

"அலகு போயிருக்கு. குடு, சாணை புடிச்சுத் தர்றேன்" என்று கையை நீட்டினார்.

"கைய எடுங்க."

அவள் கத்தரியை எடுத்துக்கொண்டாள். போகிற போக்கில் பையையும் எடுத்துக்கொண்டாள். பழைய திரைச்சீலையில் அவள் தைத்த பைதான் அது. நேராக நாத்தனார் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாளாம். திறந்தவளிடம் கத்தரியை நீட்டி, "இத நீ எடுக்கல" என்றாளாம். "அதத்தானே அண்ணி ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்" என்று அவள் அழ, இவளும் அழ, இரண்டு பேரும் டீ போட்டுக் குடித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனிமேல் அவரோடு பேசுவதில்லை என்பது முடிவு.

கேஸ் எழுதாமலே அதிகாரி சாமான்களை அவரவரிடம் கொடுத்தனுப்பிய பிறகு அவருக்கு மிஞ்சியவை நான்கு: ரெஞ்ச், சுத்தியல், அரம், டெஸ்டர். பை இல்லாததால் ரெஞ்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தார். முதல் திருட்டில் எல்லாம் மொத்தமாகப் போயிற்று, இந்தத் தடவை ஒவ்வொன்றாகப் போயிற்று என்றுதான் முதலில் தோன்றியது. வீடு வந்து, மூடியிருந்த தையல் மெஷினைப் பார்த்த பிறகுதான் எடுத்தவன் தானும்தான் என்று தோன்றத் தொடங்கியது. ஐந்து நாள் வெளியே தலைகாட்டவில்லை.

தெருவிலும் நிலைமை அப்படியொன்றும் கொண்டாட்டமாக இல்லை. சாமான்கள் வீடு வந்து சேர்ந்துவிட்டன. கை வந்து சேரவில்லை. மேனேஜர் தன் சொந்த ஸ்பேனரால் தன் சொந்தக் குழாயைத் திருகி, கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிறுத்தினார். சலூன்காரர் குறடால் தன் நாற்காலியைச் சரிசெய்த அன்று, அதில் உட்கார்ந்தவர் தரையிலிருந்து எழுந்தார். யாரும் யாரிடமும் இதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆறாம் நாள் டாக்டரம்மா வாசலில் வந்து நின்றார். கையில் டிரில்லிங் மெஷின் பெட்டி. "மருந்து அலமாரி ஒரு பக்கம் தொங்குதுங்க. நீங்க வந்தாத்தான்..."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

போனார். நாற்காலியில் ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருந்தார். டிரில்லின் சத்தம் கேட்டதும் வாயை இறுக்க மூடிக்கொண்டார். "உங்களுக்கு இல்லங்க, சுவருக்கு" என்று ஒருநிமிஷம் தைரியம் சொன்னார். ஐந்து நாளில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். அலமாரி நிமிர்ந்து நின்றது. முனையைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். வயரை முறுக்கு விழாமல் சுற்றினார். மெஷினைப் பெட்டியில் படுக்கவைத்து, மூடி, கொக்கியை மாட்டினார்.

"இந்தாங்க டாக்டரம்மா."

டாக்டரம்மா கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். பெட்டி நகரவில்லை. கைப்பிடியைச் சுற்றி ஒருநிமிஷத்தின் விரல்கள் இருந்தன. அவரும் அதைக் குனிந்து பார்த்தார். சுண்டுவிரல் முதலில் விட்டது. பிறகு மோதிர விரல், பிறகு நடுவிரல். கட்டைவிரலை மட்டும் இடக்கையால் பிடித்து எடுக்க வேண்டியிருந்தது.